கரும்பலகையில் யார் பெயர்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே சென்றதும் வகுப்புத் தலைவன் சாக்கட்டியைக் கையில் எடுப்பான். பேசுகிறவர்களின் பெயர் கரும்பலகையில் ஏறும். மீண்டும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி விழும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த நம்மில் இதை அறியாதவர் இலர். ஆனால், அமைதியாக இருந்தவனின் பெயரை யாரேனும் எழுதியதுண்டா?

இது சிறிய கேள்வியன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னோடு படித்த ஒருவனின் பெயர் தினமும் பலகையில் இருக்கும். “இவன் இப்படித்தான்” என்று எல்லோரும் சொன்னார்கள். நாளடைவில் அவனும் அதை நம்பிவிட்டான். எடுத்துச் சொல்ல வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு லாரி செட்டு வேலைக்குப் போய்விட்டான்.

பரிசின் ஆற்றல்

நல்ல நடத்தையை வளர்க்கும் வழியை விஞ்ஞான முறையில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1969இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 24 பேர் படித்த நான்காம் வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்தார்கள். ஒருவன் அனுமதியின்றிப் பேசினாலோ இடத்தை விட்டு எழுந்தாலோ அவனுடைய அணிக்கு ஒரு குறி. குறைந்த குறி பெற்ற அணிக்கு மதிய உணவுக்கு முதலில் செல்வது போன்ற சலுகை. இரண்டு அணிகளும் வரம்புக்குள் நின்றால் இரண்டுக்குமே வெற்றி. கூச்சல் பெருமளவு குறைந்தது. ஆனால், விளையாட்டை நிறுத்தியதும் கூச்சல் திரும்பிவிட்டது!

பரிசின் எல்லை

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் சிலரிடம், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசே பெறாத குழந்தைகளைவிட இவர்கள் வரைவதில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கோ ஆர்வம் குன்றவில்லை.

இவ்விரண்டு சோதனைகளிலிருந்தும் நான் பெறும் பாடம் இதுதான்: பரிசு நடத்தையைத் தொடங்கி வைக்கலாம், ஆனால், அதை நிலைநிறுத்தப் பரிசு மட்டும் போதாது.

பொறுப்பே பாடம்

நிலைநிறுத்துவது எது? என் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் அதை அறிந்திருந்தார். வகுப்பில் அதிகம் சத்தம் போடும் மாணவனிடம் சோதனைக் குழாய்களின் கணக்கை ஒப்படைத்தார். செய்முறைக்கு முன்னும் பின்னும் எண்ணி நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் 12 குழாய்களில் 11தான் திரும்பின. “ஒன்று உடைந்தது, என் கையால்” என்று அவனே எழுதினான். ஆசிரியை திட்டவில்லை. “இனிமேல் ஸ்டாண்டில் வைத்து எடுத்துச் செல்” என்று மட்டும் சொன்னார். அன்று உண்மையை எழுதத் துணிந்தவனை அதன்பின் யாரும் அடக்க வேண்டியிருக்கவில்லை.

ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். முறைவைத்து உணவு பரிமாறுகிறார்கள். அங்கே அது தண்டனையன்று, கல்வியின் ஒரு பகுதி. நம் பக்கத்தில் துடைப்பம் பெரும்பாலும் தண்டனையாகவே மாணவன் கைக்கு வருகிறது. ஒரே வேலை, கொடுக்கும் முறையால் ஒன்று பெருமையாகிறது, மற்றொன்று அவமானமாகிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை பி.எட். முடித்து வகுப்பறைக்குள் நுழையப் போகிறோம். குறும்பு செய்யும் பையனைக் கண்டால் அவன் பெயரை எழுதும் முன், அவனை நம்பி ஒப்படைக்கத்தக்க வேலை எது என்று தேடுவோம். அதுவரை, ஆய்வகத்தில் நாம் உடைத்த பிப்பெட்டை யாரும் கேட்கும் முன்பே பதிவேட்டில் எழுதுவோம். பொறுப்பைக் கற்பிக்கப் போகிறவர்கள் அதை முதலில் பழகிக்கொள்ள வேண்டுமல்லவா?