முட்டியில் வலி என்கிறானா? இடுப்பைப் பார்!

உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டால் பொழுது விடியுமுன்னே நீ மரக்காணத்து வரப்பில் நிற்பாய். திரும்பி வந்ததும் சோறு, துணி, தண்ணீர் என்று ஓடுவாய். பிள்ளை எப்படி நடக்கிறான் என்று கடைசியாக எப்போது பார்த்தாய், சொல்லு? உன்னைக் குறை சொல்லக் கேட்கவில்லை. நானும் பார்க்காமல் விட்டவள்தான்.

என் தம்பி மகனுக்கு அப்போது ஏழு வயது. சாயங்காலம் ஆனால் முட்டி வலிக்கிறது என்பான், காலையில் சரியாகிவிடும். "வளருகிற வலி" என்றோம். எண்ணெய் தேய்த்தோம். சுளுக்கு வழிக்கிறவரிடம் மூன்று முறை போனோம். ஒரு இடத்தில் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. கெட்டுக்கொண்டிருந்தது இடுப்பு. அது தெரிவதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. அந்த ஐந்து மாதம் உன் வீட்டில் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நோயின் பெயர் பெர்த்தஸ். ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி சுழல்கிற மாதிரி, இடுப்பின் கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை சுழல்கிறது. ஏதோ காரணத்தால் அந்த உருண்டைக்குப் போகிற ரத்தம் தடைப்படுகிறது. எலும்பு செத்து, மெத்தென்று ஆகி, நொறுங்கி, பிறகு தானாகவே புதிதாக வளர்கிறது. இதற்கு 2 முதல் 4 வருடம் ஆகும். பெரும்பாலும் 4 வயதிலிருந்து 10 வயதுக்குள் வரும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு நாலைந்து மடங்கு அதிகம். தொற்று நோய் இல்லை. உப்புத் தண்ணீரால் வருவதும் இல்லை, நீ தூக்கி வளர்த்த விதத்தால் வருவதும் இல்லை. மாமியார் என்ன சொன்னாலும் அந்தப் பழியை நீ சுமக்காதே.

வீட்டிலேயே கண்டுபிடிக்க

1. சாயங்காலம் பார். ஓடி விளையாடிவிட்டு வந்தபின் தாங்கித் தாங்கி நடக்கிறானா? இந்த நோயில் ஓட்டத்துக்குப் பின் நொண்டல் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். தூங்கி எழுந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கான்" என்று அளத்துக்குப் போகிறோம். ஏமாறுகிற இடம் இதுதான்.

2. சம்மணம் போடச் சொல். இரண்டு முட்டியும் ஒரே அளவு தாழ வேண்டும். ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பு இறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்.

3. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டிகளை மடக்கி, தவளைக் கால் மாதிரி இரண்டு பக்கமும் மெதுவாக விரி. எந்தப் பக்கம் விரிய மறுக்கிறது என்று பார். வலித்தால் உடனே விடு. பலம் போட்டு அழுத்தாதே.

4. தொடை இரண்டும் ஒரே பருமனா என்று பார். பல வாரமாக நொண்டும் கால் மெலிந்திருக்கும்.

5. போனில் வீடியோ எடு. முன்னால் இருந்து ஒன்று, பின்னால் இருந்து ஒன்று, பத்தடி நடந்தால் போதும். டாக்டர் முன்னால் பிள்ளைகள் பயத்தில் நேராக நடந்துவிடும்.

வலி முட்டியிலோ தொடையிலோ இருக்க, நோய் இடுப்பில் இருப்பது எப்படி என்று கேட்பாய். இடுப்புக்கும் முட்டிக்கும் போகிற நரம்புகள் ஒன்றாகவே கிளம்புகின்றன. மூளைக்கு வலியின் முகவரி மாறிப் போய்விடுகிறது. ஆகவே, பிள்ளை முட்டியைக் காட்டினாலும் இடுப்பையும் சோதிக்கச் சொல்லிக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

எதற்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம்

- காய்ச்சலும் அடித்து, காலைத் தரையில் ஊன்றவே முடியாமல் அழுகிறானா? ஒரு ராத்திரிகூடப் பொறுக்காதே. மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். தாமதித்தால் மூட்டே கெட்டுவிடும். 108-ஐக் கூப்பிடு.
- பத்து வயதைத் தாண்டிய, உடம்பு கனமான பிள்ளை நொண்டுகிறதா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? எலும்புத் தலை வளர்ச்சி விளிம்பிலிருந்து நழுவியிருக்கலாம். நடக்க விடாதே. தூக்கிக்கொண்டு அன்றைக்கே போ.
- சளி, காய்ச்சல் வந்துபோன பிறகு நொண்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீயாக முடிவு செய்யாதே.
- சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, ராத்திரித் தூக்கத்தில் வலியால் அலறல் இருந்தால் எலும்பு டி.பி.யா என்று பார்க்க வேண்டும். 1910-இல் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தஸ் என்று மூன்று டாக்டர்கள் தனித்தனியாகப் பெர்த்தஸ் நோயைப் பிரித்துக் காட்டினார்கள். அதுவரை இதையும் டி.பி. என்றே நினைத்து வந்தார்கள். டி.பி. நம் ஊரை விட்டு இன்னும் போகவில்லை. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நமக்கு இன்றைக்கும் முக்கியம்.
- இவை எதுவும் இல்லாமல், ஒரு வாரத்துக்கு மேல் வெறும் நொண்டல் மட்டும் இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும்.

எங்கே போவது, என்ன கேட்பது

மரக்காணத்திலேயே அரசு மருத்துவமனையில் முதலில் காட்டு. அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் திண்டிவனம், இல்லாவிட்டால் முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி, கோரிமேட்டில் ஜிப்மர். எங்கே போனாலும் எலும்பு டாக்டரிடம் போ. குழந்தைகளின் எலும்பு பார்க்கிறவர் யார் என்று விசாரித்துப் போனால் இன்னும் நல்லது.

எக்ஸ்ரே என்றால் இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தவளைக் கால் நிலையில் இன்னொரு படமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் எதோடு ஒப்பிடுவது? இன்னொரு விஷயம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடாது. நொண்டல் நிற்கவில்லை என்றால் சில வாரத்தில் திரும்பப் போ, "இன்னும் நொண்டுகிறான், எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா?" என்று கேள்.

எடுத்த படங்களைத் தேதிவாரியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுவரில் மாட்டிவை. நம் ஊர் உப்புக் காற்றில் எல்லாம் ஈரமாகிவிடும். ஒவ்வொரு முறையும் பழைய படம் அத்தனையும் கையில் இருக்க வேண்டும். எலும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது படத்தோடு படத்தை ஒப்பிட்டால்தான் தெரியும்.

பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவையும் விட்டுவிடாதே. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். நொண்டல் விஷயத்தைச் சீட்டில் எழுதி டீச்சரிடம் முன்கூட்டியே கொடுத்து வை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாயா? வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. ஆபரேஷன் என்று சொன்ன பிறகு வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் போய் நிற்காதே. இப்போதே வாங்கி வை.

வைத்தியம் என்றால் என்ன

இதற்கு மருந்து கிடையாது, கண்ணு. கால்சியம் மாத்திரை இதை ஆற்றாது. கொழுக்கட்டை அச்சு தெரியுமல்லவா? மாவு மெத்தென்று இருக்கும்போது அச்சுக்குள் இருந்தால் அச்சின் வடிவம் வரும். பாதி வெளியே பிதுங்கினால் கோணலாகிவிடும். எலும்புத் தலை மெத்தென்று இருக்கிற அந்த ஒன்றிரண்டு வருடம் அதைக் கிண்ணத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்து உருண்டையாக ஆற வைப்பதுதான் வைத்தியம். உருண்டையாக ஆறினால் பெரியவனான பிறகும் நன்றாக நடப்பான். நசுங்கி ஆறினால் நடுவயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்து வாட்டும்.

ஆறு வயதுக்குள் வந்தால் பலருக்கு ஓட்டம், குதி எல்லாம் குறைத்து, உடற்பயிற்சி செய்து, அடிக்கடி படம் எடுத்துப் பார்த்தாலே போதும். வயது ஏற ஏற எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள மிச்சமிருக்கும் காலம் குறைகிறது. கர்நாடகத்தின் உடுப்பிக் கடற்கரைப் பகுதியில் இந்த நோய் அதிகம் என்று மணிப்பாலில் டாக்டர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடைய குழுவும் பல வருடம் ஆராய்ந்து சொன்னார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டைவிடச் சற்றுப் பெரிய வயதில் வருகிறது என்பதும் அவர்கள் கண்டது. தலை நொறுங்கிப் பிதுங்கும் கட்டம் முற்றுவதற்கு முன்பே தொடை எலும்பை அறுத்துத் திசை திருப்பிக் கிண்ணத்துக்குள் நிறுத்தினால் பலன் நன்றாக இருக்கிறது என்றும் காட்டினார்கள். அதனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் பதறாதே. "அடுத்த வருஷம் உப்பு வாரி முடிந்ததும் பார்க்கலாம்" என்றும் தள்ளாதே. அந்தக் கட்டம் போனால் திரும்பி வராது. என் தம்பி அப்படித் தள்ளினான். இன்றைக்கும் அந்தப் பையனுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை.

மணிப்பால் குழு 2012-இல் இன்னொன்றும் எழுதியது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிகிறது. புகைதான் காரணம் என்று முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வீட்டுக்காரரை வாசலுக்கு வெளியே போய்ப் பிடிக்கச் சொல், அடுப்பு மூட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்காதே.

செய்யவே கூடாதவை

- சுளுக்கு வழிப்பது, காலை இழுத்துக் கட்டுவது. மெத்தென்று இருக்கும் எலும்பை நீயே நசுக்குகிறாய்.
- மருந்துக் கடையில் பேர் தெரியாத "செட் மாத்திரை". அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டே இடுப்பு எலும்பின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கக்கூடியது. வலி மாத்திரை டாக்டர் எழுதியது மட்டும்.
- வலி போய்விட்டது என்று பந்து விளையாட விடுவது. வலி முதலில் போகும், எலும்பு ஆற இன்னும் வருடக்கணக்கு இருக்கும். எல்லாரும் தவறுவது இங்கேதான். சைக்கிள் ஓட்டலாமா, எப்போதிலிருந்து என்று டாக்டரைக் கேள். பல பிள்ளைகளுக்கு அதை அனுமதிக்கிறார்கள்.
- ஓடாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று பாவப்பட்டு மிக்சரும் பிஸ்கட்டும் வாங்கிக் குவிப்பது. உடம்பில் ஏறும் எடையைத் தாங்கப்போவது அந்த இடுப்புதான். முட்டை, சின்ன மீன், கீரை, கேழ்வரகு கொடு.

மாவுக்கட்டு போட்டால்

சில பிள்ளைகளுக்கு இரண்டு காலையும் விரித்து நடுவில் குச்சி வைத்து மாவுக்கட்டு போடுவார்கள். வீட்டு வாசலில் நுழையாது, பஸ்ஸிலும் ஏற முடியாது. ஊருக்குத் திரும்பும் வண்டியைக் கட்டு போடுமுன்பே பேசி வை. நம் வெயிலில் உள்ளே வேர்த்து அரிக்கும். குச்சி, பேனா எதையும் உள்ளே விடாதே, எண்ணெய் ஊற்றாதே. மின்விசிறி போட்டு, சோற்றுப் பருக்கை உள்ளே விழாமல் துண்டு விரித்து ஊட்டு. கால் விரல் நீலமாகவோ ஜில்லென்றோ ஆனால், மரத்தால், கட்டு நாறினால், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை. கட்டு பிரித்தபின் கழிப்பறையில் குந்தவும் கஷ்டப்படுவான், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். ஊன்றுகோல் கொடுத்தால் அடி ரப்பர் தேயும்போதெல்லாம் மாற்று. மணலிலும் ஈர வரப்பிலும் ஊன்றுகோலோடு விடவே விடாதே.

பள்ளியில் தரைத்தள வகுப்பும் பி.டி. பீரியட் விலக்கும் டாக்டர் சீட்டோடு எழுதிக் கேள். மற்ற பிள்ளைகள் "நொண்டி" என்றால் டீச்சரிடம் நீயே நேரில் போய்ப் பேசு. அது அவனுக்கு எலும்பைவிட அதிகமாக வலிக்கும்.

கூலி போகுமே என்று யோசிப்பாய், தெரியும். மறுபரிசோதனைத் தேதிகளில் முடிந்தவற்றை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அளம் மூடியிருக்கும் மழை மாதங்களில் கேட்டு வாங்கு. முதல் எக்ஸ்ரேயை மட்டும் மழைக்காகக் காத்திருக்க வைக்காதே. இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது பிள்ளையைச் சம்மணம் போடச் சொல்லிப் பார். ஒரு முட்டி தூக்கிக்கொண்டு நின்றால், நாளைக்கு அளத்துக்குப் போகாதே, தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் போ.