அச்சும் கடையாணியும்

சேலத்திற்குத் தெற்கே, ஜருகுமலைக்கு அணித்தாய் உள்ளது பனமரத்துப்பட்டி. ஏரியாலும் அரளித் தோட்டங்களாலும் பெயர் பெற்ற ஊர் அது. விடியுமுன் கொய்த அரளி வாடுமுன் நகரச் சந்தையை எய்தல் வேண்டும். முன்னாளில் அச்சுமை மாட்டுவண்டியில் ஏறியது. இக்காலத்துப் பழைய சிறு கார்களிலும் ஏறுகின்றது. ஊர்தி மாறினும், சுமை முழுவதையும் தாங்குவது சக்கரத்தின் நடுவே மறைந்து நிற்கும் அச்சு என்பது மாறவில்லை. அவ்வச்சின் இயல்பையும், அது தேய்ந்துழி மாற்றும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டிக்கடியிற் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். எருதுகள் இளையன, சுமையோ பெரிது, வழி மேடும் பள்ளமும் உடையது, யாது நேருமென்று அறிவார் யார் என அஞ்சிய உமணர், உள்ள அச்சு முறியின் உதவுதற்கு வேறோர் அச்சினை உடன் கொண்டு சென்றனர். அதியமானின் தகடூர், 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரியே என்ப. எனவே, அச்சைப் பற்றிய இக்கவலை நம் நாட்டுப் பக்கத்திற்குப் புதிதன்று. விவிலியத்திலும், 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரம் சாலொமோன் ஆலயத்து வெண்கல ஆதாரங்களைக் கூறுமிடத்து அவற்றின் அச்சுக்களைத் தனியே எடுத்துரைக்கின்றது.

மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. குடமும் ஆரக்காலும் வட்டையும் கூடிய சக்கரமே அதன்மேற் சுழலும். சக்கரம் கழலாதபடி முனையிற் கடையாணி செருகப்படும். உராய்வு தணிய மசகு இடப்படும். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை செய்யப்பட்ட மாருதி 800 என்னும் சிறு காரின் பின்சக்கரமும் இவ்வியல்பினதே. அதன் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றுதலின், பின்சக்கரம் அசையாத தண்டொன்றன்மேல் பேரிங்குகளின் உதவியாற் சுழல்கின்றது. அத்தண்டினையே ஸ்பிண்டில் என்பர். கடையாணியின் தொழிலைப் பெரிய நட்டும் அதனூடே செல்லும் ஸ்பிளிட் பின்னும் செய்கின்றன. மசகின் தொழிலைக் கிரீஸ் செய்கின்றது. அம்பாசிடர் காரிலோ பின்னச்சுத் தண்டே சக்கரத்தோடு சுழலும். ஆதலின் ஈண்டுக் கூறும் முறை அதற்குப் பொருந்தாது.

இனி, பழுதின் குறிகளைக் காண்பாம். விரைவு மிக மிக மிகும் ஓர் இரைச்சல். தூக்கி நிறுத்திய சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைக்குங்கால் தோன்றும் ஆட்டம். ஓட்டத்தின் பின் குடப்பகுதியில் மிக்க சூடு. டயர் ஒருபுறமே தேய்தல் என்பன அவை. நீரும் புழுதியும் புகுந்து கிரீஸ் கெடின் பேரிங்கு இறுகும். இறுகிய பேரிங்கின் உள்வளையம் தண்டின்மேல் நிலைத்து நில்லாது சுழன்று அதனை அராவும். பெருங்குழியில் வீழ்தலால் தண்டு வளைதலும் உண்டு.

தேய்ந்த தண்டில் புதிய பேரிங்கை மட்டும் ஏற்றுதல் வீண்செலவு. அது சின்னாளிலேயே மீண்டும் தளரும். சிலர் தண்டினைப் பஞ்சினாற் குத்திச் சொரசொரப்பாக்கிப் பேரிங்கை இறுக்குவர். சிலர் பற்றவைத்துக் கடைந்து தருவர். முன்னையது சிறிது போழ்தே நிற்கும். பின்னையதோ மிகக் கொடிது. பற்றவைக்கும் வெப்பத்தால் எஃகின் பதம் கெட்டு, கண்ணுக்குப் புலனாகா வெடிப்பு உண்டாகி, ஓடும்போதே தண்டு முறியக்கூடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கக் கருதி, வண்டியில் அமர்ந்த மக்களின் உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது.

மாற்றும் முறை வருமாறு: வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை இடுக. கைபிரேக்கு பின்சக்கரங்களையே பற்றுதலின், டிரம்மைக் கழற்றுமுன் அதனைத் தளர்த்துதல் வேண்டும். சக்கர நட்டுக்களைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்தி, பின் ஜாக்கியால் தூக்கித் தாங்கியின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்தல் தகாது. சக்கரத்தையும் மூடியையும் நீக்கி, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டைக் கழற்றி, டிரம்மை வாங்குக. பிரேக்குத் தூசியில் கல்நார் இருத்தல் கூடும். அதனை ஊதாது ஈரத்துணியால் துடைக்க.

சில வண்டிகளில் தண்டு போல்ட்டுக்களால் பிணிக்கப்பட்டிருக்கும். அதனைத் தனியே மாற்றலாம். சிலவற்றில் அச்சோடு ஒன்றாயிருக்கும். அவற்றில் அச்சு முழுவதையுமே மாற்றல் வேண்டும். புதிய தண்டு அமரும் இடத்தைத் துருவின்றித் துடைத்து, போல்ட்டுக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் முடுக்குக. பேரிங்கை டிரம்மினுள் ஏற்றுங்கால் வெளிவளையத்தின்மேலும், தண்டில் ஏற்றுங்கால் உள்வளையத்தின்மேலும் மட்டுமே அழுத்துக. மாற்றி அழுத்தின் உள்ளிருக்கும் குண்டுகள் பழுதாம். நட்டைச் செய்தோர் கையேட்டில் விதித்த அளவிற்கு முடுக்கி, புதிய ஸ்பிளிட் பின்னையே இடுக. பழையது ஒருமுறை வளைந்து வலுவிழந்தது. பிரேக்குக் குழாயைத் திறந்திருப்பின், உட்புகுந்த காற்றை நீக்காது வண்டியை ஓட்டற்க. ஈற்றில் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, இரைச்சலும் ஆட்டமும் இன்மையைத் தெளிந்து, சிறிது தூரம் மெல்ல ஓட்டி மீண்டும் சோதிக்க.

இங்ஙனம் நோக்குங்கால், உமணர் செயலின் நுட்பம் நன்கு விளங்கும். முறிந்தபின் வருந்துதலினும், முறியுமுன் ஆயத்தமாதல் சிறந்தது. இன்று வேறோர் அச்சினை வண்டியிற் கட்டிச் செல்லுதல் வேண்டுவதின்று. இரைச்சலைக் கேட்டவுடன் வண்டியை நிறுத்திச் சக்கரத்தை அசைத்துப் பார்க்கும் விழிப்பே நமக்குச் சேம அச்சாகும்.