நகுலன் நூல்களில் பெயரும் ஆளும்

போனக்காட்டுத் தேயிலைச் சரிவுகளுக்கு மேலே நிற்கும் அகத்தியர்கூடத்தைப் பொதிகை என்பர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்பது, பௌத்தராகிய புத்தமித்திரனார் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய வீரசோழியம் கூறும் மரபு. அம்மலையடியில் வாழும் தமிழ் அன்பர்கள், தம் மாவட்டத் தலைநகரில் வாழ்ந்த நகுலனையும் கற்றல் வேண்டும்.

டி. கே. துரைசாமி 1921இல் கும்பகோணத்தில் பிறந்தார், திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார், 2007இல் மறைந்தார். நகுலன் என்பது அவர் பூண்ட புனைபெயர். ‘நிழல்கள்’ (1965), ‘நினைவுப்பாதை’ (1972), ‘நாய்கள்’ (1974), ‘நவீனன் டைரி’ (1978) ஆகியவை அவருடைய நாவல்களுட் சில. ‘கோட் ஸ்டாண்ட் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தது.

கவிதையை ஒரு புறமும் நாவலை மறுபுறமும் வைத்து இவரைப் படிப்போர் பலர். அது பொருந்தாது. நவீனன் என்னும் எழுத்தாளன் ஒரு நாவலில் தோன்றி மற்றொன்றிலும் தொடர்கிறான்; சுசீலா என்னும் பெண் நாவலிலும் வருகிறாள், கவிதையிலும் வருகிறாள். எழுதுபவன் துரைசாமியா, நகுலனா, நவீனனா? ஒரு சிறு கவிதையில், ஒருவர் பெயர் கேட்கப்படுகிறது, சொல்லவும் படுகிறது. அப்பெயருடையோருள் இவர் எவர் என்பது மட்டும் தீராமலே நிற்கிறது. நாவல்கள் பல பக்கங்களில் செய்வதை அது சில வரிகளில் செய்துவிடுகிறது.

இவ்விடத்தில் மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் கூறிய விடை நம் நினைவுக்கு வருகிறது. நாகசேனன் என்பது வழக்கிலுள்ள ஒரு பெயரேயன்றி, அதனுள் நிலையான ஆள் எவனும் இலன் என்றார் தேரர். சக்கரம் தேரன்று, அச்சும் தேரன்று, நுகமும் தேரன்று. அவை கூடியவழித் தேர் என்னும் பெயர் வழங்குகிறது. பிறர் சுமத்திய இழிபெயரை உதறி வந்த நமக்கு இது வெறும் ஏட்டுக் கல்வியோ? பெயரால் ஒருவனை உயர்ந்தோன் என்றும் தாழ்ந்தோன் என்றும் நிறுத்துவதற்கு அடியில் ஒன்றுமில்லை என்பதன்றோ இதன் பொருள்!

இதனால் நகுலனைப் பௌத்தர் என்று உரிமை கொண்டாடலாகாது. ‘நான்’ என்பது கலைவதை அவர் கண்டார். எனினும் சுசீலாவின் மீதுள்ள ஏக்கம் அவர் எழுத்தில் அணையவில்லை. தம்மம் அதனைத் தண்ஹா எனக் கூறி, நீங்கும் வழியையும் காட்டுகிறது. வழியை நாவலாசிரியரிடம் கேட்பது நம் பிழையாகும். தோட்டத் தொழிலாளரின் கூலியையும் பசியையும் தேடுவோரும் வேறு நூல்களை நாடுக.

புதிதாகப் பயில்வோர் ‘நினைவுப்பாதை’யில் தொடங்க வேண்டா, நினைவு முன்னும் பின்னுமாக ஓடும் அந்நூல் அவர்களைச் சோர்வுறச் செய்யும். சிறு கவிதைகளை நாளொன்றுக்கு ஒன்றாக, கூட்டத்தில் உரக்கப் படிக்க. பின்னர் ‘நவீனன் டைரி’க்குச் செல்லலாம்.