ரொக்க உதவியும் குறு விவசாயியின் அன்றாட உழைப்பும்

வேளாண்மை பற்றிய அரசுக் கணக்குகளில் நிலம், நீர், விதை, உரம், கடன் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தலைப்புகள் உண்டு. விவசாயியின் நாள்களுக்கு அத்தகைய தலைப்பு ஏதும் இல்லை. ஆயினும், சொற்ப நிலத்தைக் கொண்டு வீட்டு உணவுத் தேவைக்காகப் பயிரிடுபவரிடம் மிகவும் பற்றாக்குறையாக இருப்பது பல வேளைகளில் நாள்களே ஆகும். 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சாகுபடி உடைமைகளில் 86.2 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு குடும்பத்தை ஆண்டு முழுவதும் காப்பாற்றப் போதுமானவை அல்ல. எனவே குறு விவசாயி விவசாயியாகவும் கூலித் தொழிலாளியாகவும் ஒருங்கே வாழ்கிறார். இவ்விரு தொழில்களும் ஒன்றோடொன்று மோதும் பருவம் விதைப்புப் பருவம்.

மத்தியப் பிரதேசத்தின் மேற்கே அமைந்துள்ள மாளவப் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரிசல் மண் நிறைந்த இப்பகுதியில் பருவமழைக் காலத்தில் சோயா மொச்சையும், குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் பயிராகின்றன. ஜூன் இறுதியில் மழை பெய்து மண் ஈரம் பதமாக இருக்கும் சில நாள்களுக்குள் விதைப்பை முடித்தாக வேண்டும். ஈரம் மிகுந்தால் கரிசலில் கால் வைக்க இயலாது. காய்ந்துவிட்டால் அது இறுகி வெடிக்கும். விதைத்தபின் முதல் ஒன்றரை மாதத்திற்குள் களை எடுக்கத் தவறினால் சோயா மொச்சையின் விளைச்சல் பெரிதும் குறையும். பெரிய நிலவுடைமையாளர்களின் வயல்களில் கூலிவேலை தாராளமாகக் கிடைப்பதும் இதே நாள்களில்தான். கோடை முழுவதும் வேலையின்றிக் கழித்து, வீட்டிலிருந்த தானியமும் தீர்ந்துபோன நிலையில், சிறு விவசாயி முதலில் பிறர் வயலுக்கே செல்கிறார். தமது வயலுக்குத் திரும்பும்போது பதம் தவறியிருக்கும்.

முன்பணம் வாங்கியவர்களின் நிலை இதனினும் மோசமானது. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ நிலவுடைமையாளரிடம் ஒரு தொகையைப் பெற்று, அதற்கு ஈடாக ஆண்டு முழுவதும் அவரிடம் வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் வழக்கம் இப்பகுதியில் நிலவி வந்துள்ளது. இவ்வாறு கட்டுண்டவரை அங்கு ‘நௌகர்’ என்று அழைப்பர். அவரது நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். அவரது நாள்கள் மட்டும் இன்னொருவருக்கு உரியவையாக இருக்கும்.

இந்தூர் மாவட்ட முயற்சி

இப்பின்னணியில், 2011-ஆம் ஆண்டு தொடங்கி இந்தூர் மாவட்டக் கிராமங்களில் மேற்கொள்ளப்பட்ட ஒரு சோதனை கவனத்திற்குரியது. சுயதொழில் புரியும் மகளிர் சங்கமான ‘சேவா’ அமைப்பு, யூனிசெப் நிறுவனத்தின் நிதியுதவியுடன் இதனை நடத்தியது. எட்டுக் கிராமங்களில் குடியிருந்த அனைவருக்கும், ஏழை, பணக்காரர் என்ற பாகுபாடின்றி, மாதந்தோறும் ரொக்கம் வழங்கப்பட்டது. பெரியவர்களுக்குத் தலைக்கு 200 ரூபாயும் சிறுவர்களுக்கு 100 ரூபாயும் முதலில் அளிக்கப்பட்டன. பின்னர் இத்தொகை முறையே 300, 150 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறுவர்களுக்கான தொகை தாயிடமே கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் இது நீடித்தது. ரொக்கம் பெறாத பன்னிரண்டு கிராமங்கள் ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இதனையொட்டி, பில் பழங்குடியினர் வாழும் கோடாகுர்த் என்னும் கிராமத்தில் உயர்த்தப்பட்ட தொகையே ஓராண்டுக் காலம் தனியாக வழங்கப்பட்டது.

பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் விதிக்கப்படவில்லை. நியாய விலைக் கடை அரிசி, கோதுமை போன்ற ஏனைய சலுகைகள் நிறுத்தப்படவும் இல்லை. இரு பெரியவர்களும் மூன்று சிறுவர்களும் உள்ள குடும்பம் ஒன்று தொடக்கத்தில் மாதம் 700 ரூபாயும், பின்னர் 1,050 ரூபாயும் பெற்றது. எவரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து உண்ணக்கூடிய தொகை அன்று இது. இச்சோதனை பற்றிய நூல் 2015-இல் வெளிவந்தது. சரத் தவலா, ரேணனா ஜாப்வாலா, சௌம்யா கபூர் மேத்தா, கய் ஸ்டாண்டிங் ஆகியோர் அதன் ஆசிரியர்கள்.

வயலில் நேர்ந்த மாற்றம்

பணம் கொடுத்தால் மக்கள் உழைப்பதைக் குறைத்துக் கொள்வர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. உழைப்பு குறையவில்லை; இடம் மாறியது. பிறரிடம் கூலிக்குச் செல்வது குறைந்து, சொந்த நிலத்திலும் சொந்தத் தொழிலிலும் உழைப்பது கூடியது. இம்மாற்றம் பழங்குடிக் கிராமத்தில் மிகத் தெளிவாகப் புலப்பட்டது. காரணம் எளிது. அங்குள்ள குடும்பங்களுக்குச் சிறிதளவேனும் நிலம் இருந்தது. அந்நிலத்தில் நிற்க நாள்கள் இல்லாதிருந்தன. அடுத்த வாரத்து உணவுக்கு வழி இருக்கிறது என்ற உறுதி ஏற்பட்டவுடன், மழை பெய்த மறுநாள் தமது வயலில் ஏர் பூட்டுவது அவர்களுக்கு இயலுவதாயிற்று.

விதையும் உரமும் வாங்கும் முறையிலும் மாற்றம் ஏற்பட்டது. கையில் காசில்லாத விவசாயி வணிகரிடம் கடனுக்கு விதை வாங்குகிறார். விலையும் அவர் சொல்வதே, வட்டியும் அவர் சொல்வதே. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 5,000 ரூபாய் பெற்றால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 900 ரூபாய் ஆகிவிடும். அறுவடையானதும் அதே வணிகரிடம் விளைபொருளை விற்றுக் கடனைத் தீர்க்க வேண்டியிருப்பதால், விலை ஏறும் வரை காத்திருக்கவும் வழியில்லை. மாதாமாதம் வரும் சிறு தொகை இச்சங்கிலியை முழுவதுமாக அறுத்துவிடாது. ஆனால் புதுக்கடன் வாங்கும் தேவையை அது குறைக்கிறது. பழைய கடனைச் சிறிது சிறிதாக அடைக்கவும் உதவுகிறது. இந்தூர்க் கிராமங்களில் இவ்விரண்டும் நிகழ்ந்தன. முன்பணத்திற்குக் கட்டுண்டு வேலை செய்வதும் குறைந்தது. ஆடு, கோழி முதலியவை வாங்கப்பட்டன. இவை ஏழை வீட்டின் சேமிப்புக் கணக்கு என்பதைக் கிராமப்புற அலுவலர் நன்கறிவர்.

வீட்டில் உணவின் தன்மையும் மாறியது. தானியத்தோடு காய்கறி, பருப்பு வகைகள் கூடுதலாகச் சேர்ந்தன. குழந்தைகளின் எடை, குறிப்பாகப் பெண் குழந்தைகளின் எடை, வயதிற்கேற்ற அளவை நெருங்கியது. தாயின் கையிலேயே தொகை சேர்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்க வேண்டும்.

பணம் மதுக்கடைக்கே போய்ச் சேரும் என்ற ஐயம் அலுவலர்கள் பலருக்கு உண்டு. மது அருந்துதல் கூடியதற்கான சான்று அக்கிராமங்களில் கிடைக்கவில்லை. நிலவரி தள்ளுபடி பெறும் பெரிய விவசாயியைப் பற்றி இத்தகைய ஐயம் எழுப்பப்படுவதில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வரம்புகள்

இச்சோதனையை அளவுக்கு மீறிப் பெரிதுபடுத்துதலும் தகாது. ஒரு மாவட்டத்தில், குறுகிய காலத்தில், ஓர் அமைப்பின் நேரடிக் கண்காணிப்பில் நடந்த முயற்சி இது. எட்டுக் கிராமங்களில் சிலவற்றில் அவ்வமைப்பு முன்பே வேரூன்றியிருந்தது. கிணறு வற்றிய ஊரில் ரொக்கம் நீரைக் கொண்டுவராது. நிலமே இல்லாதவருக்குச் சொந்த வயலில் உழைக்கும் வாய்ப்பும் இல்லை. விலைவாசி உயரும்போது 300 ரூபாயின் வாங்கும் திறன் தேய்வதும் திண்ணம்.

நாடு தழுவிய திட்டங்களில்

2018-இல் தெலங்கானா மாநிலம் ‘ரைது பந்து’ திட்டத்தின் கீழ் பருவத்திற்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. ஏக்கர்க் கணக்கில் வழங்கப்பட்டதால் நிலம் மிகுந்தவருக்குத் தொகையும் மிகுந்தது. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் தொடங்கி வைத்த பிரதம மந்திரி கிசான் திட்டம் நில அளவைக் கருதாமல், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உடையோருக்கே உரியதாயிருந்த இது, அதே ஆண்டில் நிலமுடைய எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர் போன்ற சில பிரிவினர் விலக்கப்பட்டனர்.

இந்தூர் அனுபவத்தை அளவுகோலாகக் கொண்டால், இங்கு இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது காலம் பற்றியது. முதல் தவணை ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான காலத்திற்குரியது. மே மாத இறுதியில் கைக்கு வரும் 2,000 ரூபாய் விதையாகும்; விதைப்பு முடிந்தபின் வருமானால் அதே 2,000 ரூபாய் வணிகரின் கடனுக்குப் போகும். தொகை ஒன்றே எனினும் விவசாயியின் வயலில் அதன் மதிப்பு ஒன்றன்று. வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, நிலப்பதிவேட்டுப் பெயர் ஆகியவற்றில் நேரும் சிறு பிழையால் ஒரு தவணை தள்ளிப்போவதை வெறும் எழுத்துப் பிழையாகக் கருதிவிட முடியாது. ஒரு பருவமே அதனால் தவறக்கூடும்.

இரண்டாவது வினா மேலும் கடினமானது. பட்டா எவர் பெயரில் உள்ளதோ அவருக்கே தொகை செல்கிறது. உழுபவர் குத்தகைதாரராகவோ வாரதாரராகவோ இருப்பின், விதைப்பு நாளில் கூலிக்கு ஓட வேண்டிய கட்டாயம் அவருக்கு அப்படியே நீடிக்கிறது. பெண்கள் நிலத்தில் பெரும்பங்கு உழைத்தும், பதிவேட்டில் கணவர் அல்லது மாமனார் பெயரே இருப்பதால் அவர்களும் இத்திட்டத்தின் கணக்கிற்குள் வருவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2023-இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிப் பின்னர் உயர்த்தப்பட்ட ‘லாட்லி பஹனா’ உதவி நிலவுடைமையைக் கட்டாயமாக்காமல் பெண்களுக்கு அளிக்கப்படுவதால், இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஒடிசா மாநிலம் 2018 டிசம்பரில் அறிவித்த ‘காலியா’ திட்டம் வாரதாரரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக் கொண்டது. ஆந்திரப் பிரதேசம் 2019-இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி, குத்தகைதாரருக்கு 11 மாத அட்டை வழங்க வழி செய்தது. அவ்வட்டையைப் பெற நில உரிமையாளரின் கையொப்பம் தேவைப்பட்டது. கையெழுத்திட்டால் நிலத்தின் மீதான உரிமை பறிபோகுமோ என அஞ்சிய உரிமையாளர் பலர் அதற்கு இசையவில்லை.