மலைப்பாதையில் விழுந்த மரத்தை அகற்றும் முறை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாக, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது அப்பலாச்சியன் மலைப்பாதை. அதைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள். குளிர்காலப் புயல்களில் சாயும் மரங்களை விலக்குவது ஆண்டுதோறும் வரும் வேலை. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி தாக்கியபோது தென்பகுதியில் பல இடங்களில் பாதையே மரங்களுக்கு அடியில் மறைந்துபோனது.

இப்பணியில் சேர விரும்புவோர் அந்தந்தப் பகுதிக்குரிய மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். தேசிய வனங்களில் மோட்டார் ரம்பமோ இருவர் இழுக்கும் நீள ரம்பமோ பிடிக்க, பயிற்சி பெற்றுக் களத்தேர்வில் தேறியிருக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம். சான்றிதழ் இல்லாதவர்கள் கிளைகளை இழுத்துப் போடலாம், பாதையின் இருபுறமும் நின்று நடையாளர்களை நிறுத்தி வைக்கலாம். முதல் பருவத்தை இப்படிக் கழிப்பது நல்லது. கூர்ந்து பார்ப்பவர் இதிலேயே பாதித் தொழிலைக் கற்றுவிடுவார்.

1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அதனால் அங்கே நீள ரம்பம், கோடரி, பிளாஸ்டிக் ஆப்புகள் ஆகியவையே துணை. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, கனத்த பூட்ஸ் ஆகியவற்றை அணியாமல் எவரும் மரத்தை நெருங்கக் கூடாது.

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி நடப்பது முதற்படி. மேலே ஒடிந்து தொங்கும் கிளை உண்டா, அடிமரத்தின் கீழே வளைந்து சிக்கிய இளமரம் உண்டா, அறுத்தபின் வேர்த்தூர் பழைய குழிக்குள் திரும்பச் சாயுமா என்று பார்க்க வேண்டும். பிறகு தடி எங்கே அழுந்துகிறது, எங்கே இழுபடுகிறது என்று கணிக்க வேண்டும். இரு முனையும் தாங்கி நடுப்பகுதி அந்தரத்தில் நின்றால் மேற்புறம் அழுந்தும், அடிப்புறம் இழுபடும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் நேர்மாறு. இரு மரங்களுக்கிடையே சிக்கிப் பக்கவாட்டில் வளைந்த தடியே ஆபத்தானது. விடுபடும்போது அது புடைத்த பக்கமாகப் பாயும். அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சந்தேகம் தீராத மரத்துக்கு அடையாளமிட்டு, அனுபவசாலிகளுக்கு விட்டுவைப்பது குறையல்ல.

அறுக்கும் இடத்தில் முதலில் பட்டையைக் கோடரியால் செதுக்கிவிட வேண்டும். பட்டையில் படிந்த மண் ரம்பப் பற்களை மழுக்கிவிடும். அழுந்தும் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அறுத்தபின், இழுபடும் பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மேற்புறம் அழுந்தும் தடியில் அறுப்பு வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும் என்பதால், ரம்பத்தின் முதுகு உள்ளே இறங்கியதும் ஆப்பு அடித்துவிட வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்தவர்களுக்கு அதை நடுவில் உருவக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. நீள ரம்பத்தைப் பிடிக்கும் இருவரும் தத்தம் முறையில் இழுக்க மட்டுமே வேண்டும். தள்ளினால் தகடு வளையும். சரிவில் அறுப்பு முடியும் முன் பள்ளத்துப் பக்கம் நிற்பவர் விலகிவிட, மேட்டுப்புறம் நிற்பவர் மட்டும் அறுத்து முடிப்பதும், தடி அசைந்தால் விலகிச் செல்ல வழியை முன்பே ஒழுங்கு செய்துகொள்வதும் அவசியம்.

இரு வெட்டுகளையும் இணையாகப் போட்டால் துண்டு நடுவில் மாட்டிக்கொள்ளும். பள்ளத்துப் பக்கம் சற்று விரிந்திருந்தால் கால்களால் உந்தியே உருட்டிவிடலாம். பாதை கீழே வளைந்து திரும்பும் இடமானால், அங்கு ஆளில்லை என்று உறுதிசெய்த பிறகே உருட்ட வேண்டும்.

நான்கடி அகலமும் எட்டடி உயரமும் திறந்திருந்தால் முதுகுப்பையுடன் ஒருவர் தடையின்றிப் போகலாம். கிளைகளைக் குவிக்காமல், வெட்டுமுனை பாதையை நோக்காதபடி பள்ளத்துப் பக்கம் சிதறிப் போட வேண்டும். மழைநீர் வடியும் வாய்க்காலில் ஒன்றுகூட விழக் கூடாது. அகற்றிய மரங்களின் எண்ணிக்கை, பருமன், இடம், விட்டுவைத்தவற்றின் விவரம் ஆகியவற்றை அன்றே மன்றத்துக்குத் தெரிவித்தால், அடுத்த குழு எந்த ரம்பத்தோடு வர வேண்டும் என்று முடிவு செய்ய இயலும்.