கணக்கு வகுப்பில் ஒரு கடை

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்குக் கூட்டல் கழித்தலோடு பிறரிடம் பழகவும் கற்றுத்தரலாம். வகுப்பு மூலையில் கடை போடுங்கள். பென்சில் 5 ரூபாய், பிஸ்கட் 10 ரூபாய் என்று எழுதி ஒட்டுங்கள். "அண்ணா, ஒரு பென்சில் குடுங்க", "இந்தாங்க மீதி" என்ற பேச்சைப் படத்தோடு அட்டையில் வையுங்கள். பேசாத பிள்ளை அட்டையை நீட்டினால் போதும்; அதுவும் பேச்சுதான். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள், ஆட்டிசம் உள்ள பலருக்கு அது பெரும் சிரமம்.

மறுநாள் அதே பிள்ளை கடைக்காரர். எப்போதும் உதவி பெறுபவராகவே ஒருவரை உட்கார வைப்பது சரியல்ல.

முறை வரும்வரை காத்திருக்கப் பழக்கப் பல்லாங்குழி போதும். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. பார்வையற்ற பிள்ளையும் தடவி எண்ணி ஆடலாம். தோற்றால் அழும் பிள்ளையா? தோற்றவர் என்ன சொல்வது, ஜெயித்தவர் என்ன சொல்வது என்று ஆட்டத்துக்கு முன்பே ஒத்திகை பாருங்கள்.

பெற்றோருக்கு: வகுப்பில் பழகியதை அந்த வாரமே தெருமுனைக் கடையில் நிஜக் காசோடு செய்ய விடுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.