காஸ் தீராது, கசியும்

ஏ.சி.யில் இருக்கும் காஸ், சமையல் சிலிண்டர் காஸ் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அறைக்குள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும்; வெளியே கம்ப்ரஸர் அதை அழுத்தியதும் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகும். பத்து வருடம் ஆனாலும் போட்ட எடை அப்படியே இருக்க வேண்டும். குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை. இதை எங்களிடம் சொல்ல வேண்டிய மெக்கானிக் சொல்லாமலேதான் கோடைக்குக் கோடை எங்கள் திருவான்மியூர் வீட்டுக்கு வந்துபோனார்.

அக்னி நட்சத்திரம் தொடங்கும், அறை குளிராது, போன் செய்வோம். கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, “காஸ் கம்மியா இருக்கு மேடம், போட்டுடலாமா?” என்பார். ஒவ்வொரு முறையும் 3,000 ரூபாய்க்குக் குறையாது. “போன வருஷம்தானே போட்டீங்க, எங்கே போச்சு?” என்று கேட்டேன். “கடல் காத்து மேடம், அப்படித்தான் ஆகும்” என்றார். உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரிக்கும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் என் வாயை அடைத்தார். அரித்திருந்தால் எந்த இடத்தில் என்று காட்டியிருக்க வேண்டாமா?

கசிவு காயிலிலேயே இல்லை. இன்டோர் யூனிட்டுக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் சேரும் ஃபிளேர் நட்டில் இருந்தது. காஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்த ஆயிலில் தூசி படிந்து, கசியும் இடம் கறுப்பாகப் பிசுபிசுக்கும். கடைசியாக வந்த வயதான மெக்கானிக் டேப்பைப் பிரித்ததுமே அந்தக் கறுப்பைக் காட்டினார். சோப்பு நுரை தடவியதும் குமிழ் வந்தது. குழாய் முனையை விரித்தபோதே அதில் கீறல் விழுந்திருக்கிறது என்றார். வெட்டி, புதிதாக விரித்து முறுக்கினால் அரை மணி நேர வேலை. ஆனால் அவர் வருவதற்குள் கம்ப்ரஸர் எரிந்துபோயிருந்தது. உள்ளே ஓடும் காஸ்தான் கம்ப்ரஸர் மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது. காஸ் குறையக் குறைய மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும், சூடேறும், ஒருநாள் வைண்டிங் போய்விடும்.

ஆகவே, காஸ் குறைவு என்று யார் சொன்னாலும் முதலில் “கசிவு எங்கே?” என்று கேளுங்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் குழாயில் பனி படியும், குளிர் குறையும். அதை முதலில் கழுவிவிடுங்கள். அதன் பிறகும் காஸ்தான் குறைவு என்றால், நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். ஆயிலோடு அது கலந்தால் வெடிக்கும். கசிவை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் ஓட வேண்டும். அதன் பின், அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் அச்சிட்ட எடைக்குத் தராசு வைத்துக் காஸ் ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றுகிறவருக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

பழைய மெஷினுக்குக் கம்ப்ரஸர் மட்டும் மாற்ற 16,000 ரூபாய் கேட்டார்கள். அதை விட்டுவிட்டுப் புது ஏ.சி. வாங்கியது வீண் செலவு என்று என் கொழுந்தனார் இன்றைக்கும் சொல்கிறார். எங்களுடையது ஆர்22 மெஷின். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்தக் காஸ் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. அதில் இன்னும் பணம் போடுவது எப்படிச் சிக்கனமாகும்? “அதே மெஷின்ல ஆர்32 போட்டுத் தரேன்” என்று ஒருவர் முன்வந்தார். ஆர்32-இன் அழுத்தம் ஆர்22-ஐவிட மிக அதிகம், தீப்பற்றும் தன்மையும் உண்டு. பழைய மெஷின் அதைத் தாங்கச் செய்யப்பட்டதே இல்லை. அப்படிப்பட்டவரைக் கூடத்தில்கூட உட்கார வைக்காதீர்கள்.

கொழுந்தனார் சொன்ன இரண்டாவது யோசனை, மொட்டை மாடிக்குக் கீழ் வீடு என்பதால் 2 டன். எங்கள் படுக்கையறை 140 சதுர அடி. சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் கொல்கிறது. தேவைக்கு மேல் பெரிய ஏ.சி. சட்டென்று குளிர்வித்துவிட்டு அடங்கிவிடும், காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்க நேரமே கிடைக்காது. குளிரும் அடிக்கும், போர்வையும் நசநசக்கும். 1.5 டன், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர், செம்புக் காயில் என்று வாங்கினோம். மிச்சமான பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தோம். உங்கள் வீட்டுக்கு மேலேயும் மொட்டை மாடிதான் என்றால் ஏ.சி. கடைக்குப் போகும் முன் பெயின்ட் கடைக்குப் போங்கள். 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓட விடுகிறோம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட் கட்டணம் போய்விடும்; அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிற்பதே எங்கள் குறி.

ஸ்டெபிலைசர், டிரெயின் பைப் சரிவு, வருடம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் எல்லாம் கடைக்காரரே சொல்வார். பழைய செம்புக் குழாயையே புது மெஷினுக்கு மாட்டலாம் என்றும் சொல்வார். அதைக் கேட்காதீர்கள். எரிந்த கம்ப்ரஸரின் கரியும் பழைய ஆயிலும் அதில் ஒட்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட, மாட்டும் நாளில் அலுவலகத்துக்கு லீவு போட்டு வீட்டில் இருங்கள். நான் இருந்தேன். வந்த பையன் குழாயை மாட்டிவிட்டு, வால்வைத் திறந்து காஸை விட்டே உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளப் போனான். வேக்குவம் பம்ப் எங்கே என்று கேட்டேன். “எல்லா வீட்டிலயும் இப்படித்தான் மேடம் பண்றோம்” என்றான். எங்கள் புது ஆர்32 மெஷினின் ஆயில் ஈரத்தை இழுக்கும். ஈரம் உள்ளே தங்கினால் அமிலமாகி வைண்டிங்கைத் தின்றுவிடும். அதைச் சொல்லி, வால்வில் கைவைக்க விடவில்லை. கோபித்துக்கொண்டு போனான். மறுநாள் அவனுடைய சூப்பர்வைசரே பம்ப்போடு வந்தார். அரை மணி நேரம் ஓட்டி, கேஜ் முள் நகராமல் நிற்கிறது என்று எனக்குக் காட்டிய பிறகே வால்வைத் திறந்தார்.